மினிமல் வீடு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கல்லடிப் பிள்ளை

மாரி வெள்ளம் வடிந்ததில் இருந்து இது மனதில் கிடந்து உறுத்துகிறது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்ணுக்கு. அம்மாவும் அப்பாவும் எனக்கென்று கட்டிய வீட்டை மினிமலாக, சாமான் குறைத்து, செய்து தரச் சொல்லி வெளியூரில் இருந்து ஒரு டிசைனரைப் பிடித்தோம். வெள்ளைச் சுவர், கைபிடி இல்லாத அலுமாரிகள், எல்லாம் தரையோடு ஒட்டி. அலுமாரிக்குக் கால் வைத்தால் நேர்கோடு முறிந்துவிடும் என்றார். படத்தில் பார்க்க அவ்வளவு அமைதி.

தண்ணி கணுக்கால் அளவுக்குத்தான் வந்தது. ஒரு இரவு நின்றுவிட்டுப் போய்விட்டது. காலையில் ஹோல் அலுமாரியைத் திறக்கப் போனால் கதவு அசையவே இல்லை. அடிப்பலகை ஊதிக் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. பலகையை விரலால் அமத்திப் பார்த்தேன், ஆறிப்போன புட்டு மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள்ளே. கடைசியில் கதவை உடைத்துத்தான் எடுத்தோம்.

அதே ஹோலின் மூலையில் அம்மம்மாவின் முதிரை மரப் பெட்டகம். அது இந்த ஹோலுக்குப் பொருந்தாது, அகற்றுங்கள் என்று டிசைனர் சொன்னபோது நான் விடவில்லை. 1978 சூறாவளியில் கூரை பறந்த வீட்டுக்குள் மழையில் நனைந்து கிடந்த பெட்டகம் அது. நாலு குட்டைக் கால். தண்ணி காலை நனைத்ததோடு சரி. துணியால் துடைத்தேன், வேலை முடிந்தது.

சாமான் குறைந்த வீடுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். வெள்ளம் வரும் ஊரில் அதை எப்படிச் செய்வது என்று செய்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை

அக்கா, மினிமலில் பிழை இல்லை, பலகையில்தான் பிழை. எங்கள் வீடு நாவற்குடாவில், பெரிய மழைக்கெல்லாம் குசினிக்குள் தண்ணி வரும். அப்பா குசினித் தட்டுகளைக் கல்லாலும் சிமெந்துச் சிலப்பாலும் கட்டினார், மரக்கதவு மட்டும் மேலே. வெள்ளம் வடிந்த அன்றே அம்மா வாளியால் தண்ணி அடித்துக் கழுவிவிட்டு மத்தியானச் சோறு ஆக்கினார். என் கதை அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் அலுமாரிப் பலகை எம்.டி.எஃப் போலிருக்கிறது, அது மரத்தை நாராக்கிப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டின தாள் தண்ணியை விடாது, ஆனால் வெட்டின ஓரமும் ஆணித் துவாரமும் உறிஞ்சும். ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய கனத்துக்கு வராது. கடையில் 'ஈரம் தாங்கும்' என்று பச்சைப் பலகை காட்டுவார்கள். அது காற்றில் உள்ள ஈரத்துக்குத்தான், தேங்கி நிற்கும் தண்ணிக்கு இல்லை.

அலுமாரியின் கீழே கல்லால் ஆறு அங்குலத் திண்டு கட்டுங்கள். அதுவும் நேர்கோடுதான், பார்க்க இன்னும் சுத்தமாக இருக்கும். சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் இரண்டு அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். கல்லடி கடற்கரை ஊர், கீல் பூட்டு எல்லாம் உப்புக்காற்றில் போய்விடும். கீல் வாங்கும்போது 316 ரக எவர்சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண எவர்சில்வர் 304. 316இல் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். பிளக் எல்லாவற்றையும் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள், கண்ணுக்கு அழகில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஹோலுக்கு 6500 கெல்வின் வெள்ளை பல்ப் போட்டிருந்தால் கழற்றி 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போடுங்கள், வெறும் சுவர் ஆஸ்பத்திரி வார்டு போலத் தெரியாது. வெளியூர் ஆள் கீறின படத்தை அப்படியே கட்டினால் முதல் மாரியிலேயே பல்லைக் காட்டும்.

மருதமுனை ராத்தா

கல்லடித் தங்கச்சி, சான்றிதழ்கள் தப்பியதே பெரிய விசயம். எங்களுக்கு 2004 சுனாமியில் ஒரு கடதாசிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் ஒரு பாய், ஒரு சட்டி, கொடுத்த உடுப்பு, அவ்வளவோடு இருந்தோம். வெறும் அறையைப் படமாகப் போட்டு மனநிம்மதி என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். இல்லாமல் இருந்ததும் வேண்டாம் என்று வைத்ததும் ஒன்றில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

நான் எழுத வந்தது வேறு. சாய்ந்தமருதில் தங்கச்சியின் மகள் வீடு இந்த மாதிரிதான் செய்திருக்கிறாள். ஹோலில் ஒரு நீள வாங்கு (பெஞ்சு), சுவரில் ஒன்றுமில்லை. ஷோகேஸ் இல்லை, செட்டி (சோபா) இல்லை. நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தாள், இரண்டு பக்கத்து ஆட்களும். வாசலில் நின்று பார்த்தேன். இத்தனை சனத்தை எங்கே இருத்தப் போகிறாள் என்று எனக்கு வெட்கமாகவே வந்துவிட்டது. அவள் அந்த வாங்கின் மூடியைத் தூக்கினாள். உள்ளே சுருட்டின பாய்கள் அடுக்காக. நாலு பாய் விரித்தாள், கஞ்சிக் கோப்பை வந்தது, பிறகு சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சோற்றுச் சஹன் வந்தது. சஹன் ஒன்றுக்கு ஆறு பேர் சுற்றி இருந்தோம், ஒருவர் முழங்கால் மற்றவரில் முட்டவில்லை. செட்டி போட்ட ஹோலில் இத்தனை பேர் இருந்து சாப்பிட முடியுமா? எங்கள் மூத்தம்மாவின் வீடும் இப்படித்தான் இருந்தது. அதைக் கலைத்து செட்டி போட்டது எங்கள் தலைமுறை.

எல்லாரும் போன பிறகு பாயை உதறிச் சுருட்டி உள்ளே வைத்து மூடியைச் சாத்தினாள். ஹோல் பழையபடி வெறுமை. அந்த வாங்கு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓடாவி மகன், அக்கரைப்பற்று

எல்லாரும் முதிரை முதிரை என்று ஓடாதீர்கள். அம்மம்மா காலத்து முதிரை இப்போது கிடைக்காது. கிடைத்தாலும் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது, விலையும் தாங்காது. நன்றாகக் காய்ந்த மகோகனி போதும், தேக்கு இன்னும் நல்லது. மரம் காயாமல் அவசரப்பட்டுச் செய்தால் எந்த மரமும் முறுகும்.

என்னால் மறக்க முடியாத விசயம் ஒன்று. ஒரு வீட்டில் வாப்பாவும் நானும் தச்சு வேலை. கதவு யன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரங்களை எல்லாம் அடைக்கச் சொன்னார் வீட்டுக்காரர், சுவர் வெறுமையாக வழுவழு என்று வேண்டுமாம். வாப்பா கொத்துவேலைக்காரரை நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரை ஏணியில் ஏறச் சொன்னார். கச்சான் என்கிற வெப்பக் காற்று வீசும் மாதம், மத்தியானம். 'கையை அந்தத் துவாரத்தில வைங்க' என்றார். சூடான காற்று உள்ளே இருந்து வெளியே போவது கையில் தெரியும். அந்த மனுசன் கையை வைத்துக்கொண்டு நின்றார், இறங்கினார், 'அடையுங்க' என்றார். வாப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

அடுத்த மாரி முடிய மகனின் கட்டிலுக்குப் பின்சுவர் கறுத்துப் போனது என்று கூப்பிட்டார்கள். யன்னல் சாத்தி ஏசி போட்ட அறை. மூச்சு ஈரமும் உடுப்பு ஈரமும் வெளியேற வழியில்லை. பெயின்ட் அடிக்கக் கேட்டார்கள். அதற்கு மேல் எத்தனை பெயின்ட் அடித்தாலும் அது திரும்ப வரும்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 33ஆம் ஒழுங்கையில் நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு செய்தார். வெள்ளைச் சுவர்தான், சாமானும் அளவாகத்தான். ஆனால் நடுவில் வானம் தெரியும் முற்றங்கள், காற்றும் வெளிச்சமும் அதனால் வரும். இங்கே ஆட்கள் வெள்ளைச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

வாவிக்கரை

தம்பி, நுளம்பு? துவாரத்தைத் திறந்து வைத்துவிட்டு டெங்கோடு யார் படுப்பது? வெள்ளம் வடிந்த பிறகு கல்லடியில் நின்று பாருங்கள்.

ஓடாவி மகன், அக்கரைப்பற்று

உள்பக்கம் வலைச் சட்டம் அடிக்கலாம் நானா, கழற்றிக் கழுவுகிற மாதிரி. மகோகனிச் சட்டம், ஒரு நாள் வேலை. துவாரத்தை அடைக்க அது காரணமே இல்லை.

ஆரையம்பதி ரீச்சர்

நீங்கள் பலகையையும் கீலையும் பேசுகிறீர்கள். எனக்குக் கஷ்டம் ஷோகேசில் வந்தது.

அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்து கொண்டுவந்த கோப்பை செட். பொன்கரை போட்டது. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இருந்து கண்ணாடிக்குள்ளேதான். ஒரு கலியாணத்துக்குக்கூட வெளியே எடுத்தது கிடையாது. வீடு எனக்கு எழுதின பிறகு ஹோலைக் குறைக்கத் தொடங்கினேன், ஷோகேசைக் கொடுத்தேன். கோப்பைகளைக் கொடுக்கவில்லை, குசினித் தட்டில் அடுக்கினேன். தினமும் பாவிக்கிற சாமான் மட்டும் வீட்டில் இருக்கட்டும், இதையும் பாவிப்போம் என்று.

அம்மா அடுத்த வளவில் இருந்து வந்தார். வந்ததும் அந்த வெறும் சுவரைப் பார்த்தார். 'கோப்பை எங்க புள்ள?' நான் பேசாமல் அதில் ஒன்றில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். பிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சூடு ஆறும் வரைக்கும் வைத்திருந்து குடித்தார். குடித்துவிட்டு யாரையும் தொடவிடாமல் தானே போய்க் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தார்.

பிடித்திருந்ததா, நொந்துவிட்டாரா, எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. இப்போது வரும்போதெல்லாம் அந்தக் கோப்பையில்தான் ஊற்றிக் கொடுக்கிறேன், குடிக்கிறார். சாமானைக் குறை என்று சொல்லுகிற ஆட்கள், அந்தச் சாமானுக்காக யார் எத்தனை வருசம் பிள்ளையைப் பிரிந்து இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

வாவிக்கரை

ரீச்சர், பொன்கரை போட்ட கோப்பையை மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள், பொறி பறக்கும். கம்பிச் சுரண்டியாலும் தேய்க்கக் கூடாது.

கல்லடிப் பிள்ளை

ரீச்சர் அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தேன். அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், இல்லாவிட்டால் திரும்பத் திரும்பக் குடிப்பாரா?

வாவிக்கரைத் தம்பி, ஊதின அடியை வெட்டி எடுத்துவிட்டுத் திண்டு கட்டலாமா என்று மேசனிடம் கேட்டேன், மேல்பலகை நல்லாக இருப்பதால் முடியும் என்கிறார். சுவரில் தண்ணி நின்ற கோடு இன்னும் தெரிகிறது. திண்டு அதற்கு மேலே மூன்று விரல் உயரம் வரும்படி பென்சிலால் கீறி வைத்திருக்கிறேன். ஹோலில் செட்டி வாங்க இருந்த காசுக்கு ராத்தா சொன்ன மாதிரி வாங்கு செய்யப் போகிறேன், கால் வைத்து. ஓடாவி மகன் தம்பி, மூடி போட்ட வாங்குக்குள் பாய் புழுக்கம் அடிக்காதா?

ராத்தா, யன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி போட ஆசை. சேலைதான் வாங்கி வெட்ட வேண்டுமா?

ஓடாவி மகன், அக்கரைப்பற்று

அடிக்கும் அக்கா, அடைத்துச் செய்தால். முன்பக்கம் சட்டம் விட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒரு விரல் இடைவெளி. அடியில் பலகையை முழுதாக மூடாமல் அதையும் சட்டமாக அடிக்கவேண்டும்.

மருதமுனை ராத்தா

சேலை வேண்டாம் தங்கச்சி, காசு வீண். தறிக்காரரிடம் நேரே போய் யன்னல் அளவைச் சொல்லுங்கள். கரை போடாமல் ஒரே நிறத்தில் பருத்தியில் நெய்து தருவார்கள். அகலம் காணாவிட்டால் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைக்கலாம். தைக்க முதல் ஒருதரம் தண்ணியில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். வரும்போது சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.