உரிப்படிவம்: கழற்றிய ஓட்டுக்கு ஒரு சொல்

வணக்கம்.

சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கும் நண்டு, சிங்கி இறால் புதைபடிவங்கள் எல்லாமே செத்த விலங்குகள் அல்ல. வளரும்போது கழற்றிப்போட்ட ஓடுகளும் அவற்றில் உண்டு. இவற்றுக்கு 'ஓட்டுப்படிவம்' பொருந்தாது. கிளிஞ்சலும் ஓடுதான், அது ஓட்டைக் கழற்றுவதில்லையே! 'சட்டைப்படிவம்' என்றால் மெல்லிய தோல்தான் நினைவுக்கு வரும். பாம்புரி, மரவுரி இரண்டிலும் 'உரி' இருக்கிறது. மென்மை, வன்மை பார்க்காத சொல் அது. உரிப்படிவம் என்போம். ஒற்று மிகவேண்டும், 'உரிபடிவம்' வினைத்தொகையாகி, படிவமே உரிவதாகப் பொருள்படும்.

கல்லில் எப்படித் தெரியும்? சிங்கி இறால் ஓடு கழற்றும்போது தலைமார்பு ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள சவ்வு கிழிகிறது. ஓடு மேலே தூக்கிக்கொள்ள, அந்த இடைவெளி வழியாக உடல் வெளியே வருகிறது. நண்டு, ஓட்டின் பின்விளிம்பு திறந்து பின்புறமாக வெளியேறும். ஆகவே ஓடு தூக்கிச் சாய்ந்திருக்க, வயிற்றுக் கண்டங்கள் வரிசை குலையாமல் கிடந்தால் பெரும்பாலும் அது உரி. உதிரியாக ஓர் ஓடு மட்டும் கிடைத்தால் முடிவு சொல்லக்கூடாது. அழுகும்போதும் இதே சவ்வு விட்டுப்போகும், மீதியை நீரோட்டம் பிரித்துவிடும்.

இரைப்பைப் பற்கள் தெரிவதால் முழு உடல் என்பதும் தவறு. முன்குடலின் உள்ளுறையும் பற்களும் ஓட்டோடு சேர்ந்தே கழல்கின்றன. தசை தெரிந்தால்தான் ஐயமில்லை. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபனில், சுமார் 15 கோடி ஆண்டுப் பழைய கல்லில், பாஸ்பேட்டாக மாறிய தசை சில படிவங்களில் உண்டு; புற ஊதா ஒளியில் அது ஒளிரும்.

செத்த விலங்கே படிவமானால், அதற்கு எதிர்ச்சொல்லாக 'உடற்படிவம்' வைக்கலாமா?

*

ஐயா, உரிப்படிவம் நல்ல சொல், ஒற்றும் சரி. எதிர்ச்சொல்தான் இடிக்கிறது. காலடித் தடம், வளை போன்ற சுவட்டுப்படிவங்களுக்கு எதிராக 'உடற்படிவம்' ஏற்கெனவே நிற்கிறது. அந்தக் கணக்கில் உரியும் உடற்படிவமே. 'சடலப்படிவம்' என்று வையுங்கள். கேட்கக் கொஞ்சம் கடுமைதான், ஆனால் குழப்பாது.

படிவங்களை வகைபிரிக்கும் அட்டவணையில் 'பிரித்தறிய இயலாதது' என்று மூன்றாவது கட்டமும் வேண்டும். இல்லாவிட்டால் உதிரி ஓடுகளை இரண்டில் ஒன்றில் திணித்துவிடுவார்கள். ஓர் இறால் வாழ்நாளில் பல உரிகளை விட்டுப்போகும், சடலம் ஒன்றே ஒன்று. உரிகளையும் சேர்த்து எண்ணி 'இத்தனை இறால்கள் வாழ்ந்தன' என்று எழுதினால் கணக்கு ஊதிப்போகும்.