என்மெதெனாவின் வெள்ளிச் சாடி: எத்தனை கழுகு, எப்படித் தப்பியது?

ஓவியப்பித்தன்:
லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுமேரிய வெள்ளிச் சாடியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கி.மு. 2400 வாக்கில் லகாஷ் என்ற சுமேரிய நாட்டின் அரசன் என்மெதெனா நின்கிர்சு என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கை. வயிற்றுப் பகுதியில் சிங்கத் தலையுள்ள கழுகு தெரிகிறது. நாலு பக்கமும் அதே உருவம்தானா? அப்புறம், இவ்வளவு வெள்ளியை யாரும் உருக்காமல் விட்டுவைத்தது எப்படி?

வெள்ளிப்பட்டறை:
கழுகு நாலுதான். ஆனால் அவற்றின் பிடியைப் பாருங்கள். ஒன்று இரண்டு சிங்கங்களைப் பற்றியிருக்கிறது. அடுத்தது இரண்டு கலைமான்களை. மூன்றாவது மறுபடியும் சிங்கங்களை, நாலாவது காட்டாடுகளை. பிடிபட்ட சிங்கமாவது சும்மா இருக்கிறதா என்றால், பக்கத்துக் கழுகிடம் இருக்கும் மானின் மூஞ்சியைக் கவ்வுகிறது! இந்தப் பக்கம் மான், அந்தப் பக்கம் ஆடு. ஒவ்வொரு கூட்டமும் அடுத்ததோடு கோத்துக்கொண்டு சாடியைச் சுற்றி வளையமாக ஓடுகிறது. முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அச்சிட்டுவிடுவதால் இது பலருக்குத் தெரிவதே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு.

வெள்ளி வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். இது தகட்டை அடித்து எழுப்பிய சாடி. வெள்ளி அடிக்க அடிக்க இறுகும். நெருப்பில் காய்ச்சி இளக்கி, மறுபடி அடிக்க வேண்டும். பொறுமையில்லாமல் அடித்தால் விளிம்பில் விரிசல் விடும். உருவங்களோ புடைப்பு வேலை இல்லை, வெறும் கீறல் கோடுகள். வளைந்த பரப்பில் கை வழுக்கினால் அந்தக் கோட்டை அழிப்பது பெரும்பாடு. மேல் வரிசையில் படுத்திருக்கும் கன்றுகளையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் எழுந்திருக்கப் போவதுபோல ஒரு முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது. கழுகைவிட எனக்கு அவைதான் பிடிக்கும்.

உயரம் சுமார் 35 செ.மீ. அடியில் இருக்கும் பீடமும் சிங்கப் பாதங்களும் செம்பு. பாரம் தாங்கும் இடத்தில் செம்பு வைத்தது விவரமான வேலை.

ஆப்பெழுத்து:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். தெற்கு மெசொப்பொத்தேமியாவில் வெள்ளி வெட்டியெடுக்க இடமே கிடையாது, எல்லாம் வெளியிலிருந்து வந்ததுதான். அதை எடை போட்டுப் பணமாகப் புழங்கினார்கள். அந்த எடைக்கு அலகு ஷெக்கேல், ஒன்று 8 கிராமுக்குச் சற்று மேல். அதனால் கையில் அகப்பட்ட வெள்ளிப் பாத்திரம் உலைக்குப் போவது சகஜம்.

என்மெதெனா காலத்துக்குப் பின் சில தலைமுறைகளுக்குள் பக்கத்து உம்மா நகரின் அரசன் லுகல்சாகெசி லகாஷ் நாட்டுக்குள் புகுந்தான். கோயில்களுக்குத் தீ வைத்து வெள்ளியையும் நீலக்கல்லையும் வாரிக்கொண்டு போனதை, எந்தெந்தக் கோயில் என்று பெயர் சொல்லிப் புலம்பும் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சாடி மிஞ்சியிருக்கிறது. 1888இல் பிரெஞ்சு அகழாய்வாளர் எர்னஸ்ட் த சார்செக் தெல்லோவில், அதாவது லகாஷ் நாட்டின் பழைய கிர்சு நகரில், தோண்டியபோது கிடைத்தது. இன்று அது தெற்கு இராக். அன்று உதுமானியர் ஆட்சி என்பதால் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1896இல் லூவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். யார் சொத்தை யார் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், அதற்குத் தனி இழைதான் தொடங்க வேண்டும்.

ஓவியப்பித்தன்:
இருவருக்கும் நன்றி. கழுத்தைச் சுற்றி இருப்பது எழுத்தா?

ஆப்பெழுத்து:
ஆமாம். என்மெதெனா தன் ஆயுளுக்காக இந்தச் சாடியைச் செய்வித்து நின்கிர்சுவின் எனின்னு கோயிலில் வைத்தான் என்கிறது. முடிவில், அப்போது கோயில் நிர்வாகியாக இருந்தவர் துது என்று ஒரு வரி. அரசனின் காணிக்கையில் தன் பெயரையும் ஏற்றிவிட்டார், ஆள் சாமர்த்தியசாலி!

வெள்ளிப்பட்டறை:
அந்தத் துதுவின் புடைப்புப் பலகையும் லூவரிலேயே இருக்கிறது, நடுவில் துளையோடு. தேடிப் பாருங்கள். அங்கேயும் அதே கழுகு, இரண்டு சிங்கங்கள், கால் தூக்கிய கன்று ஒன்று. ஒரே வித்தியாசம், அந்தச் சிங்கங்கள் கவ்வுவது கழுகின் சிறகையே.