வெயிலுக்கும் மாட்டு வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?

பசறை மாட்டுக்காரன்

வணக்கம். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு வைத்திருக்கிறேன். ஒன்று நாட்டுக் கலப்பு, எந்த வெயிலிலும் அசையாமல் நிற்கும். மற்றது ஃப்ரீசியன், குளிர் நாட்டுக் கறவை இனம். தை மாதம் நுவரெலியாப் பக்கமிருந்து வாங்கி வந்தேன். அப்போது ஒரு நாளைக்கு 14 லீட்டர் கறந்தது. கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கியதிலிருந்து 9ஐத் தாண்டவில்லை.

பகல் 11 மணிக்கெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. எச்சில் நூல் நூலாக ஒழுகித் தரையெல்லாம் ஈரம். படுப்பதில்லை, அசை போடுவதில்லை. புல்லை முகர்ந்து பார்த்து ஒதுக்கிவிட்டுக் கடைத் தீனியை மட்டும் தின்கிறது. சரி, அதையாவது தின்னட்டும் என்று தீனியையும் தவிட்டையும் கூட்டிப் போட்டேன். இப்போது சாணி தண்ணியாக, நுரைத்து, புளித்த வாடையோடு போகிறது. பூச்சி மருந்து கொடுத்தும் மாற்றமில்லை.

பால் கொடுக்கும் இடத்தில் கொழுப்புக் குறைவு என்று காசைக் குறைத்துவிட்டார்கள். தண்ணி கலக்கிறேன் என்று ஜாடையாகப் பேசுகிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஹாலி எல தம்பி

அண்ணே, கொட்டகைக் கூரை தகரமா? மற்றபடி விஷயம் லேசுதான். வெயில் நாளில் அப்ப மாவு சீக்கிரம் புளிக்கிறது இல்லையா, அதேதான் மாட்டு வயிற்றிலும்.

பசறை மாட்டுக்காரன்

தகரம்தான் தம்பி. நின்றால் கை எட்டும் உயரம்.

சினை ஊசிக்காரர்

தம்பி சொன்ன அப்ப மாவுக் கதை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. நான் டாக்டர் இல்லை. சினை ஊசிப் பையைத் தூக்கிக்கொண்டு 22 வருடம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவன். மாட்டின் பெருவயிறு நுவரெலியாக் குளிரிலும் ஏறக்குறைய 39 பாகைச் சூட்டில்தான் இருக்கும். பசறைக்கு வந்ததால் அது அடுப்பாகிவிடவில்லை. உங்கள் மாட்டுக்குக் குறைந்து போனது எச்சில்.

கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லீட்டருக்கு மேல் எச்சில் ஊறி விழுங்கும். அதில் இருப்பது நம் அப்பச்சோடாச் சத்துதான். தீனி புளித்து உண்டாகும் அமிலத்தை அதுதான் அடக்கி வைக்கிறது. மாடு மூச்சு வாங்கும்போது அந்த எச்சில் தரையில் போகிறது. அசை போடாததால் புதிதாக ஊறுவதும் குறைவு. இன்னொன்று, வேக வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதைச் சரிக்கட்ட உடம்பு அந்தச் சோடாவை மூத்திரத்தில் தள்ளிவிடும். ஆக, ஊறுகிற கொஞ்ச எச்சிலிலும் சோடா மட்டு.

அந்த நேரம் பார்த்து நீங்கள் கடைத் தீனியைக் கூட்டியிருக்கிறீர்கள்! தீனியைப் புளிக்க வைப்பது பெருவயிற்றில் வாழும் கிருமிகள்தான். அவற்றில் மாவுச்சத்து தின்னும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அமிலம் ஏறும். புல்லைக் கரைக்கும் கிருமிகள் அமிலத்தைத் தாங்காது, பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூட) 6க்குக் கீழே போனால் படுத்துவிடும். தவிட்டில் உள்ள எண்ணெயும் அவற்றுக்கு ஆகாது. பாலில் கொழுப்பு கட்டுவதற்கு முக்கியமான சரக்கு அந்தக் கிருமிகள் புல்லிலிருந்து எடுத்துக் கொடுக்கும் அசெட்டிக் அமிலம். அது குறைந்தால் கொழுப்பும் குறையும். நீங்கள் தண்ணி கலக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன்.

சூட்டை வெளியே விட இரத்தம் தோல் பக்கம் ஓடுவதால் குடலுக்கு வரத்துக் குறைந்து, குடல் சுவரும் பலவீனப்படும். அதனால் தீனியைச் சரி செய்தாலும் பால் மெதுவாகத்தான் ஏறும்.

முதலில் தகரத்தின் மேல் மானாப் புல்லைத் தடிப்பாக வேயுங்கள். பீலியிலிருந்து குழாய் இழுத்து, தண்ணி எந்நேரமும் முன்னால் இருக்கட்டும். பகலில் முதுகை நனைத்துவிடுங்கள், கச்சான் காற்றே விசிறிவிடும். தின்ற சில மணி நேரத்தில் வயிறு தானும் சூடு கிளப்பும் என்பதால் பெரிய தீனியை மாலை 5 மணிக்குப் பிறகு போடுங்கள். கௌத்தமாலா புல் முற்றினால் கம்பு மாதிரி, இளசாக வெட்டிக் கொடுங்கள். கூட்டிய தீனியை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள், கிருமிகள் பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அப்பச்சோடா நாளுக்கு 100 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்துத் தீனியில் கலக்கலாம்.

இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் உள்ளிருந்து இரண்டு மூன்று தடவை கையைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை என்றால், அல்லது காய்ச்சல் 39.5ஐத் தாண்டினால், இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பசறை மாட்டுக்காரன்

முஷ்டி வைத்துப் பார்த்தேன் ஐயா, ஒரே ஒரு தடவை, அதுவும் சோம்பலாகத் தள்ளியது. டாக்டர் வந்து பார்த்தார். அவரும் இதையேதான் சொன்னார்.

பசறை மாட்டுக்காரன் (16 நாள் கழித்து)

மானாப் புல் வேய்ந்தாயிற்று. மத்தியானம் விலா ஏறி இறங்குவதை எண்ணினேன். முன்பு நிமிடத்துக்கு 90 வரை போனது, இப்போது 60க்குள் நிற்கிறது. சாணி கட்டியாகிவிட்டது. பால் 11 லீட்டர். நேற்று 2 மணிக்குப் படுத்துக்கொண்டு அசை போட்டது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பச்சோடாவைக் கிலோக் கணக்கில் வாங்கப் போனால், கடைக்காரர் லயத்தில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்கிறார்.