புதுப்பிப்பு: பப்மெட் கட்டுரைகளை வரைபடமாகப் பார்த்த அனுபவம்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் குவிந்திருக்கும் கட்டுரைகளை ஒரே பார்வையில் காட்டும் கருவி உண்டா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் பரிந்துரைத்த இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட வரைபடத்தில் ஏறத்தாழ 2.1 கோடி ஆய்வுச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக, பொருளில் நெருங்கியவை அருகருகே அமையும்படி இடம்பெற்றுள்ளன. கோவிட் கட்டுரைகள் அதில் தனித் தீவாகவே ஒதுங்கி நிற்கின்றன. ஆனால் தொலைவிலுள்ள இரு திட்டுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அப்படியே அளவாகக் கொள்ளக் கூடாது. எது எதற்கு அருகில் என்பதைக் காப்பதே அவ்வரைபடத்தை வரையும் முறையின் நோக்கம்.

என் வேலைக்கு உதவியது நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தின் இலவச மென்பொருளான வோஸ்வியூவர்தான். கட்டுரைகளின் குறிச்சொற்களை வட்டங்களாக, அடிக்கடி வருபவை பெரிதாகத் தெரியும்படி அது வரைகிறது. நீரிழிவுக் கால்புண் பற்றிய கட்டுரைகளை அதில் ஏற்றியதும், மிகப் பெரிய வட்டங்களாக எழுந்தவை ‘மனிதர்கள்’, ‘ஆண்’, ‘பெண்’ என்ற குறிச்சொற்கள். (சிரிப்புத்தான் வந்தது.) மிகப் பல மருத்துவக் கட்டுரைகளுக்கு இடப்படும் அவற்றை நீக்கிய பின்னரே நோய்த்தொற்று, உறுப்பு நீக்கம், காலணி ஆகிய தொகுதிகள் தெளிவாகப் பிரிந்தன. பப்மெட்டிலிருந்து இறக்கிய கோப்பில் மேற்கோள் விவரம் இல்லாததால், எது எதை மேற்கோள் காட்டுகிறது என்ற வலைப்பின்னலை மட்டும் இவ்வழியில் வரைய முடியவில்லை.