மோரிஸ் மைனர் 1960: "38,000 மைல், எல்லாம் ஒரிஜினல்" நம்பலாமா?

ரப்பர்காடு:
வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்டில் மோரிஸ் மைனர் 1000 என்கிற பழைய கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. கிரானில் (வண்டிப் பதிவுப் பத்திரம்) 1960, 948 சிசி. மீட்டரில் 38,412 மைல். தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வச்சிருந்த வண்டியாம், டவுனுக்கு மட்டும்தான் ஓட்டினாராம். இன்ஜின், கியர், பெயிண்ட் எல்லாம் கம்பெனியில் வந்தபடியாம். 35,000 ரிங்கிட் கேக்கிறாங்க. சனிக்கிழமை பார்க்கப் போறேன். எங்கே கை வச்சுப் பார்க்கணும்?

பழைய_போமன்:
தம்பி, மீட்டரில் ஐந்தே எண். 99,999 தாண்டினா மறுபடி பூஜ்யம். யாரும் திருகாமலே அது 1,38,412 ஆக இருக்கலாம். கிரானிலும் மைல் எழுதுறதில்லை.

கிராணி கதையைக் கணக்குப் போட்டுப் பாருங்க. நாளுக்கு 10 மைல், வருஷத்துக்கு 300 நாள்னா 3,000 மைல். 13 வருஷத்திலேயே 38,000 வந்துடும். அதாவது 1973 வாக்கில். அதுக்கப்புறம் வண்டி எங்கே நின்னுச்சு? பழைய ரோட் டேக்ஸ் தாள் கேளுங்க.

இன்ஜின் பிளாக் பக்கவாட்டில் வார்ப்பிலேயே 1100 என்று இருந்தா அது 1098 சிசி. 1962இல்தான் வந்தது, 1960 வண்டிக்குச் சொந்தமில்லை. இன்ஜின் நம்பர் தகட்டின் ரிவெட்டையும் பாருங்க; சுத்தியெல்லாம் எண்ணெய்க் கறையா இருந்து ரிவெட் மட்டும் பளபளன்னா தகடு வேறு இன்ஜினிலிருந்து மாறியிருக்கு. முன் பிரேக் டிரம் 7 அங்குலமா 8 அங்குலமா? 8 என்றால் 1098 காலத்துச் சாமான். ஓட்டுறதுக்கு அதுதான் நல்லது, ஆனா ஒரிஜினல் விலை கொடுக்காதீங்க.

டிஃப்_காது:
டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களைச் சுத்துற பல்சக்கரப் பெட்டி) மாறியிருக்கான்னு அதைக் கழட்டாமலே பிடிக்கலாம். சக்கரம் ஒரு சுத்து சுத்த இன்ஜின் பக்கத் தண்டு எத்தனை சுத்து சுத்துதுங்கிற விகிதம் 948க்கு 4.55, 1098க்கு 4.22. கைப்பேசி ஜிபிஎஸ் வச்சு 40.2 கிலோமீட்டர் ஓட்டுங்க, ஈப்போ போய் வந்தாலே போதும். அது 25 மைல். மீட்டர் 23 காட்டினா டிஃப் மாத்தியிருக்காங்க. 27 காட்டினா மீட்டர்தான் வேறு வண்டியோடது, அப்போ 38,412 யாரோட கணக்கோ. டயர் அளவு மாறியிருந்தாலும் கொஞ்சம் தள்ளும், அதையும் பார்த்துக்கோங்க.

மீட்டர் எண்கள் வரிசை கோணலா நிக்குதுன்னு மட்டும் வச்சு ஆளைத் திருடன்னு சொல்லிடாதீங்க, வயசானாலும் கோணும்.

செம்மண்_சாலை:
புது பெடல் ரப்பர் பத்து நிமிஷ வேலை, ஏமாறாதீங்க. கிளட்ச் பெடலைப் பக்கவாட்டில் ஆட்டுங்க. தொளதொளன்னு ஆடினா நிறைய மிதிபட்டிருக்கு.

கதவின் உள்பலகையைக் கழட்டி அடிமூலையில் விரல் விடுங்க. தோட்டத்து ரோட்டில் ஓடின வண்டின்னா செம்மண் இறுகிக் கட்டியா கிடக்கும். அங்கேயும் சுத்தமா இருந்தா ஒண்ணு முழுசாப் பிரிச்சுக் கட்டியிருக்காங்க, இல்லைன்னா கதை பொய். கதவு ரப்பரைப் பிதுக்கிப் பாருங்க, அடியில் வேறு கலர் தெரிஞ்சா "கம்பெனி பெயிண்ட்" அங்கேயே முடிஞ்சது.

குறைவா ஓடியும் செம்மண் ஒண்ணைத் தின்னிருக்கும்: முன் சக்கர டிரன்னியன் (சக்கரம் திரும்புற மூட்டு). ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கட்டும். ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலைன்னா டிரன்னியன் பக்கம் தேய்மானம். அது கழண்டா சக்கரம் மடங்கி வண்டி உட்கார்ந்துடும். பின் ஸ்பிரிங் மாட்டுற இடத்தில் துருவும் பாருங்க.

ரப்பர்காடு:
டிரம் கழட்டிப் பார்க்கலாமான்னு விக்கிறவருக்கு இப்பவே போன் போட்டேன். யோசிச்சுச் சொல்றேங்கிறார்.

பழைய_போமன்:
முன்பணம் கொடுக்கிறதா இருந்தா, புஸ்பாக்கோம் (வண்டிச் சோதனை நிலையம்) பி5 சோதனை, அதாவது பெயர் மாத்துறதுக்கான சோதனை, தேறினாத்தான் மீதின்னு எழுதி வாங்கிக்கோங்க. இன்ஜின் நம்பரோ சேசிஸ் நம்பரோ கிரானோடு ஒத்துப்போகலைன்னா பெயர் மாத்துறது அங்கேயே நின்னுடும்.