ஏழாவது கல்

ஜேர்மனியில் கீழ் ரைன் பகுதிக்கு நான் குடிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கிளேவே நகரத்திலிருந்து டச்சு எல்லையை நோக்கிச் செல்லும் காட்டுவழியில் ரைஷ்வால்ட் போர்க் கல்லறையைக் காட்டும் பலகையைப் பலமுறை கண்டும், ஒருமுறைகூட வண்டியைத் திருப்பியதில்லை. அங்கே துயில்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சு விமானங்களில் வந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்ததே காரணம். 1990இல் யாழ்ப்பாணத்தில் "பொம்மர் சுத்துது" என்ற குரல் கேட்டதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் ஓடிய ஒருவனுக்கு, அந்த விமானங்களில் இருந்தவர்களின் கல்லறைக்குப் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. கிளேவேயில் படிக்கும் என் மகள் கூப்பிட்டதால்தான் சென்ற ஒக்டோபரில் போனேன்.

அங்கே இரண்டாம் உலகப் போரில் இறந்த 7,594 பொதுநலவாய நாட்டுப் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் விமானப் படையினர்; ஏனையோரில் பெரும்பாலானோர் 1945இன் தொடக்கத்தில் அந்தக் காட்டுச் சண்டையிலும் ரைன் ஆற்றைக் கடக்கும்போதும் இறந்த தரைப்படையினர். 1943 மே மாதத்தில் மோனே உள்ளிட்ட ஜேர்மன் அணைகளை உடைக்கச் சென்ற 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் திரும்பாத எட்டில், நான்கு விமானங்களில் இறந்த குழுவினர் இங்கேதான் இருக்கிறார்கள். அணை உடைந்து எழுந்த வெள்ளத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பதையும், அவர்களில் பலர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டுப் பெண்கள் என்பதையும் மகளுக்குச் சொன்னேன். சொல்லாமல் அந்தக் கற்களைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

பிறகு ஒரு வரிசையில் கால் நின்றுவிட்டது. ஒரே திகதி பொறித்த ஏழு கற்கள். ஆறு கற்கள் தோளோடு தோள் உரசுவதுபோல இடைவெளியே இல்லாமல் நின்றன. ஏழாவது மட்டும் மற்ற கல்லறைகளைப் போலத் தள்ளி நின்றது. லங்காஸ்டரில் வழக்கமாக ஏழு பேர் செல்வார்கள். உடல்களைப் பிரித்தறிய முடியாதபோது அனைவரையும் ஒரே குழியில் வைத்து, மேலே கற்களை இப்படி ஒட்டி நட்டார்கள். வயதுகளைக் கூட்டிப் பார்த்தேன். ஏழு பேருக்கும் சேர்த்து 155. இரண்டு கற்களில் கனடாவின் மேப்பிள் இலை இருந்தது. இறந்தவரை விழுந்த நாட்டிலேயே புதைப்பதென்று பிரித்தானிய அரசு முடிவுசெய்திருந்ததால், அந்தக் காலத்தில் கடல் கடந்து வந்து மகனின் கல்லைத் தொட்டுப் பார்க்க எத்தனை தாய்மாருக்கு வாய்த்திருக்கும்?

நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போது, எண்பதைத் தாண்டிய ஓர் அம்மையார் இரண்டு சிறிய பூச்சட்டிகளோடு அதே வரிசைக்கு வந்தார். அந்த விமானம் விழுந்தது அவருடைய பாட்டனாரின் வயலுக்குப் பக்கத்தில். பாட்டனாரும் ஊர்க்காரர்களும் எரிந்த உலோகத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துத் தேவாலய முற்றத்தில் புதைத்து, மரச்சிலுவை நட்டார்களாம். போர் முடிந்தபின் பிரித்தானிய விமானப்படை அலுவலர்கள் இருவர் வந்து, யார் எங்கே கிடந்தார்கள் என்று பாட்டனாரிடம் ஒரு பகல் முழுவதும் விசாரித்தார்களாம். பிறகுதான் உடல்கள் இங்கே கொண்டுவரப்பட்டனவாம்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. காணாமற்போன 40,000க்கும் மேற்பட்ட விமானப் படையினரைத் தேட அந்தப் படை தனியாக ஒரு பிரிவையே வைத்திருந்தது. அவர்கள் ஊர் ஊராகச் சென்று பாதிரியாரையும் குழி தோண்டியவரையும் கேட்டார்கள். தேவைப்பட்ட இடத்தில் புதைகுழியைத் திறந்து, சட்டைக் கழுத்திலிருந்த சலவைக் குறி, மோதிரம், விமான இயந்திரத்தின் தொடர் எண் ஆகியவற்றைக் கொண்டு பெயரைக் கண்டுபிடித்தார்கள். அப்படியும் 20,000க்கும் மேற்பட்டோருக்குக் கல்லறை கிடைக்கவில்லை. அவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடச் சுவர்களில் இருக்கின்றன. காணாமற்போனவர்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் தெருவில் இருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். ஒரு சலவைக் குறியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைத் தேடிய அந்த உழைப்பின் அருமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1945 பெப்ரவரி 7ஆம் திகதி இரவு கிளேவே நகரம் தரைமட்டமானபோது அந்த அம்மையாருக்கு ஆறு வயது. தாயோடு நிலவறையில் இருந்திருக்கிறார். நானும் பங்கரைப் பற்றிச் சொன்னேன். "உங்கள் மொழியில் அந்த விமானங்களை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டார். "பொம்மர்" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாமும் அந்தச் சொல்லைத் தம் மொழியில் சொன்னார். ஏறக்குறைய அதே சொல்.

ஏழாவது கல் ஏன் தள்ளி நிற்கிறது என்று மகள் கேட்டாள். வால்பகுதி முறிந்து தனியாக விழுந்ததால், பின்வால் துப்பாக்கிக்காரரை மட்டும் பாட்டனார் முழு உடலாகக் கண்டெடுத்தாராம். அவருக்குத் தனிக்குழி வெட்டியதும் பாட்டனார்தான். ஆறு கற்களின் நடுவே முதல் பூச்சட்டியை வைத்தார் அம்மையார். குனிய முழங்கால் இடங்கொடுக்கவில்லை என்று மற்றதை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் குனிந்து, மழையில் கல்லின் அடியில் தெறித்திருந்த மண்ணைக் கையால் துடைத்தேன். வயது 19 என்றிருந்தது. சட்டியை அதன் அருகே வைத்தேன்.