இலங்கை ஒப்பந்தக் கோப்பு: இருபது ஆண்டு கடந்தும் ஏன் மறைக்க வேண்டும்?

கீழமாசி மிளகுக் கடை:
வெளிநாடுகளுடன் நடந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையின் ஆவணங்களைக் கேட்பவர்கள் நாட்டின் பேரத்தைக் கெடுக்கிறவர்கள் என்று திருமங்கலம் வக்கீல் நேற்று எழுதியிருந்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தானே விலை பேசுகிறார்கள் என்று உதாரணம் வேறு. அந்தத் தரகர்கூட மாட்டுக்காரரிடம் விலையைச் சொல்லிவிடுவார். இங்கே மாட்டுக்காரர் நாம். இலங்கையுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது 1998 டிசம்பரில். நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச்சில். மிளகு விஷயத்தில் யார் என்ன கேட்டார்கள், நம் தரப்பு எதற்குத் தலையாட்டியது என்று மனுப் போட்டேன். ‘பொருளாதார நலன்’ என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3), இருபது ஆண்டுகள் கடந்த விஷயத்தைக் கொடுக்கச் சொல்கிறது. இருபது எப்போதோ முடிந்துவிட்டது!

திருமங்கலம் வக்கீல்:
அண்ணாச்சி, 8(3)-ஐ முழுதாகப் படியுங்கள். தகவலை மறுக்க இடம் தரும் விலக்குகளில் மூன்றுக்கு அந்த இருபது ஆண்டுக் கணக்கு பொருந்தாது. அவற்றில் முதலாவது 8(1)(அ): இறையாண்மை, பாதுகாப்பு, பொருளாதார நலன், அயல்நாட்டு உறவு. இதற்குக் காலவரம்பு கிடையாது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல் திறந்த நாளிலிருந்து வழக்காடுகிறேன். எனக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம்.

கீழமாசி மிளகுக் கடை:
வழக்காடுகிறீர்களா, வாய்தா வாங்குகிறீர்களா? எங்கள் தெருச் சொத்துவரி வழக்கில் பார்த்தோமே! பிரிவு 19(5)-ஐயும் படியுங்கள். மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டியவர் தகவல் அலுவலர். 1998-இல் பேசி முடித்த மிளகு வரியை இன்று சொன்னால் எந்த நலன் கெடும்? இருபது ஆண்டு முடிந்துவிட்டது.

ஆசிரியை, நாராயணபுரம்:
பிரிவு 8(2)-ஐ இருவரும் விட்டுவிட்டீர்கள். விலக்கு இருந்தாலும், வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம். காலக்கணக்கே தேவையில்லை. இந்தியாவுடன் 2022-இல் மறுபடி தொடங்கிய பேச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தன் வரைவுகளை இணையதளத்திலேயே வெளியிட்டது. எதிரே உட்கார்ந்தவரே துண்டை எடுத்துவிட்டார்.

திருமங்கலம் வக்கீல்:
ஐரோப்பாவின் புகழ் பாட வேண்டாம் டீச்சர். அதே இந்தியப் பேச்சின் முந்தைய சுற்று பற்றிய ஆவணங்களைத் தொழில் சங்கங்களுக்கு முழுதாகக் கொடுத்த ஐரோப்பிய ஆணையம், ஒரு கண்காணிப்பு அமைப்பு கேட்டபோது பகுதிகளை மறைத்துத்தான் கொடுத்தது. நீதிமன்றம் 2013-இல் ஆணையத்தின் பக்கம் நின்றது. மேல்முறையீடும் 2015-இல் தள்ளுபடி. 8(1)(அ)-வுக்குக் காலவரம்பு கிடையாது.

கீழமாசி மிளகுக் கடை:
இதையா உங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறீர்கள்! முதலாளிகள் படித்தால் பேரம் கெடாது, சாமானியன் படித்தால் கெட்டுவிடுமா? நம் நாட்டில் இத்தகைய ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. அங்கும் கேட்க முடியாது, மனுவிலும் கேட்கக் கூடாது என்றால் எங்கே போய்க் கேட்பது? நான் மூன்று தலைமுறையாக மிளகு விற்கிறேன். விலை ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:
விலை விழுந்தது விற்கிறவருக்கா, விளைவிக்கிறவருக்கா? வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று நாங்கள் கத்தியபோது கீழமாசிக் கடைகளில் இறக்குமதி மிளகு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. எந்த நாட்டு விளைச்சல் என்பதற்கு யார் சான்று தருவது என்று பேசியபோது தோட்டக்காரர்களில் யாரைக் கேட்டார்கள்? எனக்குக் கோப்பில் அந்தப் பக்கம் மட்டும் கிடைத்தால் போதும்.

கீழமாசி மிளகுக் கடை:
என் கடையில் இறக்குமதிச் சரக்கா? வந்து பார்த்தீர்களா? உங்கள் ஊர் மிளகை ஈரத்தோடு மூட்டை கட்டி அனுப்புகிறவர் யார் என்று நானும் எழுதட்டுமா?

தாண்டிக்குடித் தோட்டக்காரர்:
ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பது உங்கள் தெரு வழக்கம். அதனால்தான் இப்போது வத்தலக்குண்டிலேயே போட்டுவிடுகிறேன்.

ஆசிரியை, நாராயணபுரம்:
8(2) பற்றி யாரும் பேசவில்லையே.

திருமங்கலம் வக்கீல்:
பொதுநலன் பெரிது என்று மனுதாரர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது டீச்சர். அண்ணாச்சியின் மனுவில் அப்படி ஒரு வரி இருந்ததா? சொத்துவரி வழக்கை இங்கே இழுத்ததற்கு அவர் முதலில் வருத்தம் தெரிவிக்கட்டும்.

கீழமாசி மிளகுக் கடை:
வருத்தமா? வாங்கிய கட்டணத்துக்கு முதலில் ரசீது கொடுங்கள். முதல் மேல்முறையீடும் போய்விட்டது. மத்திய தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள் இருக்கிறது. 8(2)-ஐயும் சேர்த்தே எழுதுகிறேன், வக்கீல் வைக்காமல் நானே எழுதுகிறேன். முதல் வரி இருபது ஆண்டு என்றுதான் இருக்கும்.

திருமங்கலம் வக்கீல்:
எழுதுங்கள். 8(1)(அ)-வுக்குக் காலவரம்பு கிடையாது.